பரிவுக் காப்பு

அன்பை ஆணை போட்டு வாங்கிவிடலாம் என்று மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில், குளிரூட்டிய அறையில், கைதட்டித் தீர்மானித்தார்கள். தட்டிய கைகளில் ஒன்றுகூட நோயாளியின் மலச்சட்டியை ஏந்திய கை அல்ல. ஏந்திய கைக்காரி ஒருத்தி அந்த அறையில் இருந்தாள், அவள் தட்டவில்லை. பெயர் அருள்கனி. கடலோர நகரத்து அந்தப் பெரிய மருத்துவமனையின் செவிலியர் அத்தனை பேருக்கும் அவளே கண்காணிப்பாளர்.

"நம்ம நர்ஸுங்களுக்கு வேலையில ஈடுபாடு செத்துப் போச்சு," என்று இயக்குநர் டாக்டர் கனகசபாபதி தொடங்கியிருந்தார். "நோயாளி கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதில்ல. முகத்துல சிரிப்பு இல்ல. மெஷின் மாதிரி வராங்க, மெஷின் மாதிரி போறாங்க. பாதிப் பேர் சொல்லாமக்கொள்ளாம ஓடியே போயிடறாங்க."

"ஈடுபாடு சாகல சார்," என்றாள் அருள்கனி. "ஆளுதான் இல்ல. நாலு பேர் பாக்க வேண்டிய வார்டை ஒருத்தி பாக்குதா. உக்கார ஒரு நாற்காலி கெடையாது. ஒண்ணுக்குப் போக நேரம் கெடையாது. நோயாளியோட சொந்தக்காரன் கைய ஓங்கிட்டு வந்தா, வாசல்ல தடுக்க ஒரு காவலாளி கெடையாது. ஆள் போடுங்க, நாற்காலி போடுங்க, காவல் போடுங்க. சிரிப்பு தானா வரும்."

"ஆள் போடு, ஆள் போடு! வேற பாட்டே தெரியாதாம்மா உங்களுக்கு?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், கருவி செய்யும் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளன் நவநீதன் தன் பெட்டியைத் திறந்தான். உள்ளே வெள்ளி நிறத்தில் வளையங்கள் வரிசையாக இருந்தன.

"அடுத்தவங்க வலி நமக்குத் தெரியாததாலதான் அக்கறை வர மாட்டேங்குது மேடம். தெரிஞ்சிட்டா?" என்றான் அவன். "நோயாளி கையில ஒரு பட்டை, நர்ஸ் கையில ஒரு காப்பு. பட்டை அவரோட வலியைப் படிக்கும். காப்பு அதே வலியை இவங்க நரம்புல கொண்டுவந்து வைக்கும். இவங்க பொறுப்புல இருக்கற படுக்கைகள்ல எங்க வலி ஜாஸ்தியோ, அது வரும். காயம் படாது. வடு விழாது. வலி மட்டும்தான்."

"கழட்டணும்னா?"

"கழட்ட வராது. அடுத்த டியூட்டிக்கு வர்றவங்க தங்க காப்பால இதைத் தொட்டா வலி அவங்களுக்கு மாறிடும், இது தானாத் திறந்துக்கும். இல்லேன்னா என்கிட்ட இருக்கற சாவி வேணும்."

பெயர்கூடப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள்: பரிவுக் காப்பு! புண்ணுக்கு மருந்து கேட்டு வந்தவளிடம், இந்தா இன்னொருவன் புண், இதையும் சேர்த்துச் சும என்று கொடுத்துவிட்டு, அதற்குப் பரிவு என்று பெயரும் சூட்டிய பண்பாளர்கள் அவர்கள். அருள்கனி மறுத்தாள். மறுத்தால் வேறொருத்தி அந்த நாற்காலிக்கு வருவாள் என்றார் இயக்குநர். வருகிறவள் இந்தப் பெண்களுக்காக வாய் திறப்பாளா என்று நினைத்துப் பார்த்து, அருள்கனி தன் வாயை மூடிக்கொண்டாள்.

காப்பு வந்தது. செவிலியர் ஓடினார்கள்! நோயாளி கூப்பிடும் முன்பே ஓடினார்கள். முனகல் வாயைவிட்டு வெளிவரும் முன்பே ஊசியோடு நின்றார்கள். புகார்ப் பெட்டி காலியானது. பத்திரிகைகள் பாராட்டின, இயக்குநருக்குப் பொன்னாடைகள் குவிந்தன. சாட்டைக்கு அஞ்சி ஓடுகிற மாட்டைப் பார்த்து, வண்டியின் மேல் இதற்கு எவ்வளவு காதல் என்று எவனாவது எழுதுவானா? இவர்கள் எழுதினார்கள்.

செவிலியர் அந்தக் காப்பைச் 'சூடு' என்று அழைத்தார்கள். "இன்னைக்கு உனக்கு எந்த வார்டுச் சூடுட்டி?" என்று படிக்கட்டில் விசாரித்துக்கொண்டார்கள். அவர்களில் ஜெயரூபி என்றொரு பெண், எதையும் வேடிக்கையாக்கிவிடும் வாய்க்காரி. பிரசவ வார்டில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் கண்காணிப்பாளரின் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"மேடம், கல்யாணம் ஆகாமலே எட்டுப் புள்ள பெத்துட்டேன். பேறுகால லீவு உண்டா?"

"அங்கிட்டுப் போட்டி, வாயாடி!" என்று அருள்கனி சிரித்தாள். கதவு மூடிய பிறகு, அந்தப் பெண்ணின் கீழுதட்டில் பல் பதிந்த தழும்பு மட்டும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதற்கடுத்த வாரம், துறைமுகத்தை ஒட்டிய ஆலையொன்றில் கொதிகலன் வெடித்தது. வெந்த மனிதர்களை லாரியில் ஏற்றி வந்தார்கள். தீக்காய வார்டில் படுக்கைகள் நிரம்பின. அந்த வார்டுக்கு அன்று பிற்பகல் ஒரே ஒரு செவிலி, ஜெயரூபி. அவளுக்கு அடுத்து வர வேண்டியவள், வாசல்வரை வந்து, உள்ளே எழுந்த ஓலத்தைக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பி ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். மாற்றிவிட ஆளில்லை என்று ரூபி மேல்மாடிக்குத் தொலைபேசியில் சொன்னாள். பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பொழுது விடிந்துவிட்டது.

செவிலியர் உலகத்தில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சட்டம் உண்டு. வேலை முடித்துப் போகிறவள் படுக்கையருகே நின்று நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டும். வந்தவள் "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் காதில் விழாமல் எந்தச் செவிலியும் வார்டைவிட்டு நகரமாட்டாள். நகர்வது, கைக்குழந்தையை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். ரூபியின் தலைக்கு மேலேயே, மாவுக்கட்டு வெட்டுகிற பெரிய கத்தரி ஆணியில் தொங்கியது. காப்பை வெட்டி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். கூலிக்காரன் ஓடியிருப்பான், படைவீரன் ஓடியிருப்பான். செவிலிக்கு அந்த எண்ணமே எழவில்லை. அவளுக்கு எழுந்த எண்ணம் வேறு.

காலைச் சுற்றுக்கு வந்த அருள்கனி கண்ணாடிக் கதவின் வழியே அதைக் கண்டாள்.

மற்றப் படுக்கைகளில் எல்லாரும் ஊசி மயக்கத்தில் கிடந்தார்கள். கடைசிப் படுக்கையில் கொம்பையா. கழுத்திலிருந்து கால்வரை தோல் உரிந்த கொதிகலன் தொழிலாளி. அவன் முகத்தின் மேல் ஒரு தலையணை. தலையணையின் மேல் ரூபியின் இரண்டு கைகள். முழு உடம்பின் பாரத்தையும் கைகளில் ஏற்றி அழுத்திக்கொண்டிருந்தாள். கொம்பையாவின் வெந்த கால்கள் கட்டிலை உதைத்தன. உதைக்க உதைக்கக் கட்டுத்துணி கிழிந்து சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. ரூபியின் வாயிலிருந்தும் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தாள்.

அருள்கனி பாய்ந்து இழுத்தாள், ரூபி அசையவில்லை. கன்னத்தில் அறைந்தாள், அசையவில்லை. அருள்கனிக்கும் கத்தரி நினைவுக்கு வரவில்லை, அவளும் செவிலிதானே! மேசைமேல் ஒரு தட்டில், வேலையைவிட்டு ஓடியவர்களின் காப்புகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் பூட்டினாள். ரூபியின் காப்போடு மோதி, அவள் காதருகே கத்தினாள்.

"எடுத்துக்கிட்டேன்! ரூபி, நான் எடுத்துக்கிட்டேன்! நீ போ!"

ரூபியின் கைகள் அந்தக் கணமே தளர்ந்தன. பழகிய சொல்லுக்குப் பழகிய உடல் கீழ்ப்படிந்தது. காப்பு திறந்து தரையில் விழுந்து உருண்டது.

அருள்கனியும் தரையில் விழுந்தாள்.

வலி என்று சொல்கிறோமே, அது வேறு. இது நெருப்பு. தோலுக்கும் சதைக்கும் நடுவே புகுந்து, ஒவ்வொரு நரம்பாகத் தேடித் தேடித் தின்கிற நெருப்பு. எண்ணற்ற தீக்காயங்களுக்குக் கட்டுப் போட்டவள் அவள். எண்ணற்ற பேரிடம், கொஞ்சம் பொறுத்துக்கோங்கண்ணே என்று சொன்னவள். எதைப் பொறுக்கச் சொன்னோம் என்பது அன்றுதான் தெரிந்தது. கட்டிலின் காலைப் பற்றி எழுந்தாள். மூச்சுத் திணறும் கொம்பையாவின் திறந்த வாய் தெரிந்தது. அந்த வாயை மூடிவிட்டால் இது நின்றுவிடும் என்று யாரோ அவள் காதில் சொன்னார்கள். அவள் கை தலையணையை நோக்கிப் போனது. போன கையை மற்றொரு கையால் பிடித்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். விரல் ஒடிந்தது. ஒடிந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

"யாராவது வாங்கட்டி! வலிக்குப் பெத்தடின் ஊசி கொண்டாங்க!"

பக்கத்து வார்டுச் செவிலி மரகதவல்லி ஓடிவந்தாள். "மேடம், அடுத்த ஊசிக்கு டாக்டர் சொல்லணும். டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காவ..."

"டாக்டர் வந்து என்னத்தச் சொல்ல? நான் சொல்லுதேன், போடு! என் தலை போனாப் போகட்டும், போடுட்டி!"

மரகதவல்லி மருந்தறைக்கு ஓடினாள். அதே நேரத்தில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. தலையணையைக் கண்டவள் அருள்கனி மட்டுமல்ல. வெளியே வராந்தாவில் காத்திருந்த உறவினர் ஒருவரும் கண்டுவிட்டார். கொம்பையாவின் தம்பி சுப்புக்குட்டி முன்னால் வந்தான், அவன் பின்னால் ஆலைத் தொழிலாளர் ஒரு கும்பல்.

"எங்கண்ணனக் கொல்லவா பாத்த? நாசமாப் போறவளே! உனக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்கது இதுக்குத்தானா?"

சலைன் மாட்டும் இரும்புத் தாங்கியைப் பிடுங்கி ரூபியின் தோளில் இறக்கினான். எலும்பு முறிகிற ஓசை அறை முழுவதும் கேட்டது. ஒருவன் கூந்தலைப் பற்றிச் சுவரில் மோதினான். ஒருவன் வயிற்றில் உதைத்தான். மருந்துக் குப்பிகள் சிதறின, ஜன்னல் சிதறியது. சிலுவையும் பிறையும் நாமமும் சேர்ந்து மாட்டியிருந்த படமும் சிதறியது. எல்லாக் கடவுளும் தரையில் கிடக்க, ஏழை ஏழையை அடித்தான். ஆலையில் பழைய கொதிகலனை மாற்றாமல் விட்டவன் எங்கோ குளிர்ந்த அறையில் இருந்தான். வார்டுக்கு ஆள் போடாமல் விட்டவர் ஐந்தாம் மாடியில் இருந்தார். அடிபடுவதற்கு அகப்பட்டவள் இவள் ஒருத்தி!

சுப்புக்குட்டி மறுபடி இரும்பை ஓங்கினான். தவழ்ந்து தட்டருகே போயிருந்த அருள்கனி, இன்னொரு காப்பை எடுத்து, ஓங்கிய கையின் மணிக்கட்டில் பூட்டி, அதன்மேல் தன் காப்பை வைத்து அழுத்தினாள்.

அவள் காப்பு திறந்தது. இரும்பு கீழே விழுந்தது. சுப்புக்குட்டி வெட்டுண்ட மரமாய்ச் சாய்ந்தான். அவன் தொண்டையிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டு, அடித்துக்கொண்டிருந்த அத்தனை கைகளும் அப்படியே நின்றன.

"என்ன பண்ணுனீய எங்க தம்பிய? கழட்டுங்க அத!" என்று ஒருவன் அருள்கனியின் கழுத்தைப் பிடித்தான்.

"ஒண்ணும் பண்ணலய்யா. அவங்கண்ணன் வலிதான் அது. நேத்து மத்தியானத்துல இருந்து இந்தப் புள்ள அதைச் சுமந்துக்கிட்டு நின்னா. நீங்க கும்பலா வெளிய நின்னு அழுதீங்க, அவ ஒத்தையா உள்ள நின்னு வெந்தா. உங்க தம்பியக் கேளுங்க, எப்படி இருக்குன்னு!"

கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சுப்புக்குட்டி தரையில் உருண்டபடி, அண்ணன் கட்டிலின் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு கதறினான்.

"கொன்னுருங்கம்மா... எங்கண்ணனக் கொன்னுருங்க! தாங்க முடியலம்மா! கொன்னுருங்க!"

அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கழுத்தைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். மரகதவல்லி ஊசியோடு வந்து, யாரையும் பாராமல், கொம்பையாவின் நரம்பில் ஏற்றினாள். மெல்ல மெல்லக் கொம்பையாவின் மூச்சு சீரானது. தரையில் கிடந்த தம்பியின் முகமும் அதே மெதுவில் தெளிந்தது. "குளுகுளுன்னு வருது," என்று சொல்லிவிட்டு, குழந்தைபோல் விசித்து விசித்து அழுதான்.

பொறியாளனை அழைத்துக்கொண்டு இயக்குநர் இறங்கி வந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. உடைந்த கண்ணாடியின் மேல் நடந்து வந்தார். நவநீதன் சுப்புக்குட்டியின் காப்பைச் சாவியால் திறந்தான். சுவரோரம் ரூபி உட்கார்ந்திருந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. இடது தோள் கீழிறங்கி, கை திசை தப்பித் தொங்கியது. மரகதவல்லி பஞ்சால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலை வேலைக்கு வந்த செவிலியர், மாட்டிக்கொள்ள வேண்டிய காப்புகளைக் கையில் பிடித்தபடி வாசலை அடைத்து நின்றார்கள்.

இயக்குநர் அருள்கனியை ஓரமாக அழைத்தார்.

"போலீஸ் வந்துகிட்டு இருக்கு. அந்தப் பொண்ணுக்கு மனநிலை சரியில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும். கருவியில கோளாறு இல்ல, ஆள்லதான் கோளாறு. வெளிய நிக்கறவங்க வழக்கம்போலக் காப்ப மாட்டிக்கிட்டு டியூட்டிக்குப் போகட்டும்."

அருள்கனி வாசலைப் பார்த்தாள். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ரூபிக்குப் பைத்தியக்காரிப் பட்டமும் காவலும். வாசலில் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் நெருப்பு. சொல்லாவிட்டால் வேறொருத்தி வந்து சொல்லுவாள். முன்பு இதே கணக்கைப் போட்டுத்தான் வாயை மூடினாள். இப்போது மூடவில்லை. வார்டு முழுதும் கேட்கும்படி பேசினாள்.

"கருவியில கோளாறு இல்லதான் சார். வலியை அச்சு மாறாமக் கொண்டுவருது. ஆனா வலியக் குடுத்தா அன்பு வரும்னு உங்களுக்கு எவன் சொன்னான்? வலியக் குடுத்தா, வலி நிக்கணும்கற வெறிதான் வரும். அது நோயாளிய எழுப்பி விட்டாலும் நிக்கும், கழுத்த நெரிச்சாலும் நிக்கும். எது சீக்கிரமோ அதத்தான் உடம்பு தேடும். எனக்கே கை தலையணைக்குப் போச்சு. இந்தா, இவரு வாயே கொன்னுருங்கன்னுச்சு. எங்க மூணு பேருக்கும் மனநிலை சரியில்லையா? ஒருத்திய ஓய்வில்லாமப் பிழிஞ்சு, அவ சக்கையானதும், ஏன் சாறு வரலன்னு கேக்குறீங்களே, உங்க மனநிலை சரியா இருக்கா சார்?"

"எமோஷனலாப் பேசாதீங்க. நானும் டாக்டர்தான். நர்ஸுங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிடுங்க, நல்லாத் தெரிஞ்சுக்கிடுங்க. நோயாளி வலி வேண்டாம். உங்ககிட்ட வேலை பாக்குற ரூபியோட வலி. ஒரு நிமிஷம் போதும்."

"அது சாத்தியமில்ல," என்று இயக்குநர் பொறியாளனைப் பார்த்தார்.

நவநீதன் தலை குனிந்தபடி சொன்னான். "சாத்தியம்தான் சார். பட்டைக்கு யார் நோயாளி, யார் நர்ஸுன்னு தெரியாது. யார் கையில கட்டினாலும் படிக்கும்."

தரையில் உட்கார்ந்திருந்த சுப்புக்குட்டி நிமிர்ந்தான். "போடுங்கய்யா. நான் போட்டுட்டேன், உசுரோடதான இருக்கேன்? பெரிய டாக்டரு, உங்களுக்கென்ன பயம்?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநரின் காதுமடல் சிவந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். ரூபியின் நல்ல கையில் பட்டையைக் கட்டினார்கள். இயக்குநர் பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார், கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காப்பின் விளக்கு பச்சையாயிற்று.

வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இயக்குநர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றொன்றை. "வேலை செய்யலியே," என்றார். குரலில் நிம்மதி இருந்தது.

நவநீதன் பட்டையை அவிழ்த்துத் தன் கையில் கட்டி, தன் தொடையை அழுந்தக் கிள்ளினான். "ஆ!" என்று இயக்குநர் துள்ளினார். மறுபடி அவிழ்த்து, மறுபடி ரூபியின் கையில் கட்டினான். விளக்கு பச்சையாக எரிந்தது. மறுபடி ஒன்றுமில்லை. கிழிந்த புருவத்திலிருந்து ஒன்றுமில்லை. முறிந்த தோளிலிருந்து ஒன்றுமில்லை. வற்றிய கிணற்றுக்குள் இறக்கிய வாளிபோல் அந்தக் காப்பு வெறுமனே கிடந்தது.

நிம்மதி இயக்குநரின் முகத்தைவிட்டு இறங்கியது. அவர் டாக்டர், அந்தத் தோள் எப்படி வலிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முழங்கால் மடக்கி, அவள் எதிரே, கண்ணாடித் தூளின் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா... உனக்கு வலிக்கலியா?"

ரூபி தொங்கும் தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநர் கேட்கும் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற கவலை மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது.

"வலிக்கணுமா சார்?" என்றாள். "வலிக்கணும்னாச் சொல்லுங்க சார். பழகிக்கிடுதேன்."

இயக்குநர் எழுந்தார். பிறகு பொறியாளனின் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் காப்பைத் திறந்தார். சாவியை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தலை நிமிராமல் அருள்கனியின் பக்கம் நீட்டினார். அருள்கனி அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கையிலிருந்த காப்பைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அவரவர் வார்டுக்குப் போனார்கள்.

அருள்கனி ரூபியின் அருகே உட்கார்ந்து, ரத்தம் ஒட்டிய அந்தத் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"கத்துட்டி," என்று கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவ கத்திரு ரூபி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வாய் விட்டுக் கத்துட்டி என் தாயி."

ரூபி கட்டில்களைப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

"மெல்லப் பேசுங்க மேடம். பேஷன்ட்டுங்க தூங்குதாங்க."